ஒட்டு விட்டால் எங்கே நிற்பீர்கள்? வன்னி வீதியில் வாகனம் பழுதானால் நாலு வழிகள்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ34 வீதியில், ஒலுமடு தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், என் பழைய சின்னக் கார் ஒருமுறை ஆவி கக்கிக்கொண்டு நின்றது. பின்னேரம் நாலரை மணி. பொனற்றைத் திறந்தால் றேடியேற்றருக்குப் போகும் மேல் ஹோஸ் நெடுக வெடித்திருந்தது. கையில் கறுப்பு ரேப் ஒரு சுருளும் இரண்டு போத்தல் தண்ணீரும் இருந்தன. சுற்றினேன், ஊற்றினேன், மூடியை நன்றாக இறுக்கினேன், வீட்டுப் பக்கம் பார்த்து ஓட்டினேன். ஏழு கிலோமீற்றர் போவதற்குள் ஒட்டு விட்டுவிட்டது.

முதலில் நின்ற இடத்திலிருந்து திரும்பி நடந்திருந்தால் கால் மணித்தியாலத்தில் ஒரு கடை வந்திருக்கும். இரண்டாவதாக நின்ற இடத்தில் இரண்டு பக்கமும் பாலை மரமும் முதிரை மரமும்தான். போனில் சிக்னல் ஒரு கோடு வரும், பிறகு அதுவும் போய்விடும். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். வாகனம் நின்றால், சாவியை எடுக்கும்போதே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இப்போது போடப்போகும் ஒட்டு இடையில் விட்டால் நான் எங்கே நிற்பேன்? அந்த இடம் இப்போது நிற்கும் இடத்தைவிட மோசம் என்றால், ஒட்டத் தெரிந்தாலும் ஒட்டி ஓட்டுவதில்லை. ஓட்டினாலும் வந்த பக்கமே திருப்புவேன். கலியாண வீட்டுக்கு நேரமாகிறது என்பது ஒரு காரணமே அல்ல.

நான் மெக்கானிக் இல்லை. வேலை விஷயமாக வவுனியா, கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு என்று வாரம் முழுக்க ஓடுகிறவன். தெருவில் நின்றவனுக்கு வழிகள் நாலுதான். நாமே தற்காலிகமாகச் சரிக்கட்டி ஓட்டலாம். மெக்கானிக்கை வரவழைக்கலாம். கட்டி இழுக்கலாம், இல்லையென்றால் ஏற்றிக்கொண்டு போகலாம். வாகனத்தை விட்டுவிட்டுப் பஸ் ஏறலாம். எது சரி என்பதைப் பாதி பழுது சொல்லும். மீதியை வீதியும் நேரமும் சொல்லும்.

எந்த வீதி

ஏ9இல் நின்றால் பதறத் தேவையில்லை. வவுனியாவிலிருந்து ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று சந்திக்குச் சந்தி கடைகளும் ஆட்களும் உண்டு. இரவிலும் கொழும்பு பஸ்கள் ஓடும். அங்கே அரைகுறை ஒட்டுப் போட்டு ஓடுவதில் மிச்சமாவது அரைமணி நேரம்தான், அதற்காக எஞ்சினைப் பணயம் வைப்பது முட்டாள்தனம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிற்கும் வாகனங்களில் யாராவது ஒருவரிடம் ஜம்பர் வயர் இருக்கும். கச்சான் வாங்கப்போன இடத்தில் நானே இரண்டு தரம் வயர் கொடுத்திருக்கிறேன். என் மாமா வான் ஓட்டிய காலத்தில் தேங்காய் உடைத்த கையோடு நாலு ரயரையும் தொட்டுப் பார்ப்பார், குனிந்து அடியில் ஏதாவது சொட்டுகிறதா என்று பார்ப்பார். பாதிப் பழுதுகள் அந்த இடத்திலேயே பிடிபட்டன.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ35உம் பெரிதாகப் பயமில்லை. தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று குடிமனை தொடர்ந்து வரும். மாங்குளம் – ஒட்டுசுட்டான் வேறு. புளியங்குளம் – நெடுங்கேணி அதைவிட வேறு, அது யானை நடமாடும் பக்கம். பூநகரியிலிருந்து மன்னார் போகும் ஏ32, 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு யாழ்ப்பாணத்தாருக்கு நல்ல குறுக்குவழியாகிவிட்டது. ஆனால் வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவைப் பக்கம் வெறும் பற்றையும் வெயிலுமாக நீண்டுகொண்டே போகும் இடங்கள் உண்டு. அங்கே நின்றவருக்குத்தான் டிக்கியில் கிடக்கும் சாமான் உண்மையில் உதவும்.

இன்னொரு விஷயத்தை வெளியூரிலிருந்து வருபவர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். சில்லுக்கு அடை வைக்கக் கல் தேடியோ, தடி முறிக்கவோ, ஒதுங்கவோ பற்றைக்குள் இறங்காதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருக்கும் இடம் என்றால் வீதி ஓரத்தைக்கூடத் தாண்ட வேண்டாம். முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலை போர் முடிந்து எத்தனையோ வருடம் கழித்தும் நடந்தது. அடைக்கட்டையை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ஒரு முழ நீளப் பலகைத் துண்டை ஆப்பு மாதிரிச் சீவினால் போதும்.

எந்த வாகனம்

ஒட்டுப்போடும் வித்தையை வன்னிக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகமும் உள்ளே வரவில்லை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பெல்ற் அறுந்தால் ரியூப்பை வெட்டிப் போடுவார்கள். அந்த நினைப்பில்தான் இன்றைக்கும் வயதானவர்கள் தெருவோரம் வந்து நின்று "ஒரு ரியூப் துண்டு இருந்தாக் காணும் தம்பி" என்கிறார்கள்.

அந்தக் காருக்குக் காணும்தான். ஒற்றை வி பெல்ற், திறந்து மூடும் கார்பறேற்றர், கையால் எட்டும் எஞ்சின். இப்போதைய காரில் பெல்ற் அகலமானது, ஏழெட்டுக் கப்பிகளைச் சுற்றி வளைந்து போவது, ஸ்பிரிங் வைத்து இழுத்துப் பிடிப்பது. அதற்கு ரியூப்பும் நிற்காது, சேலைத் துண்டும் நிற்காது. பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் என்றால் செம்மஞ்சள் நிற வயர்களில் நூற்றுக்கணக்கான வோல்ற் ஓடுகிறது. அதன் கிட்டக் கை வைப்பதற்குத் தெருவோரம் இடமல்ல.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. அதனால் எங்கள் வீதிகளில் பதினைந்து, இருபது வயது வாகனங்கள் நிறைய ஓடுகின்றன. ஹோஸ், பெல்ற் எல்லாம் அதே வயதுதான். எனவே கீழே சொல்வதில் பெரும்பகுதி பழைய, கையால் கியர் போடும் வாகனங்களுக்கு. ஒட்டோ கியரும் ஹைபிரிட்டும் வைத்திருப்பவர்களுக்கு வழிகள் குறைவு. அதை அங்கங்கே சொல்கிறேன்.

சூடாகி நின்றால்

வன்னி வெயிலில் அதிகம் வரும் பழுது இது. இதில் ஒட்டுப்போடுவதற்கு நல்ல நியாயமும் உண்டு, நல்ல ஆபத்தும் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எஞ்சின் சூடு காட்டும் முள் ஏறுவதை ஓடும்போதே கண்டுவிட்டால் ஏசியை நிறுத்தி, சூட்டுக்காற்றை முழுதாகத் திறந்துவிடுங்கள். வியர்வையில் குளிப்பீர்கள், ஆனால் எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியால் வெளியேறும். நிறுத்திவிட்டால், அரைமணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஒன்றும் செய்யாதீர்கள். றேடியேற்றர் மூடிக்குள் தண்ணீர் அமுக்கத்தில் இருக்கிறது, அதனால்தான் 100 பாகை தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்தால் அமுக்கம் போய், உள்ளே இருப்பது அத்தனையும் அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டு பத்து எண்ண முடிந்தால்தான் சீலைத்துண்டு போட்டு மூடியை மெல்லத் திருப்பலாம்.

பிறகு ஓட்டை எங்கே என்று பாருங்கள். அதுதான் முடிவைச் சொல்லும்.

ஹோஸின் நுனியில், கிளிப் இறுக்கும் இடத்தருகே வெடித்திருந்தால் உங்களுக்கு நல்ல காலம். கிளிப்பைக் கழற்றி, கெட்ட துண்டை வெட்டி எறிந்து, மிச்சத்தை இழுத்து ஏற்றித் திரும்ப இறுக்குங்கள். நீளம் போதுமாக இருந்தால் இது ஒட்டே அல்ல, ஏறத்தாழ முழுச் சரி. ஊர் வரை தைரியமாக ஓட்டலாம்.

நடுவில் வெடித்திருந்தால் மூன்று சாமான்களை ஒப்பிட வேண்டும். கறுப்பு வயர் ரேப் மிக மலிவு, எல்லோரிடமும் உண்டு, இந்த வேலைக்கு உதவாது. சூட்டில் பசை இளகி வழுக்கிவிடும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கன் ரேப் மிக நல்லது, சூடு தாங்கும். கிடைத்தால் ஒரு சுருள் வாங்கிப் போடுங்கள். இரண்டுக்கும் நடுவில், வன்னியில் எந்த வீட்டிலும் கிடைப்பது பழைய சைக்கிள் ரியூப்.

அதைச் சுற்றுவதில்தான் விஷயம் இருக்கிறது. ரியூப்பை நெடுக்கு வாட்டில் பிளந்து இரண்டு விரல் அகலப் பட்டியாக வெட்டுங்கள். ஹோஸில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்காரம் போட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். வெடிப்புக்கு மூன்று விரல் முன்னாலேயே சுற்றத் தொடங்க வேண்டும். ரப்பர் மெலிந்து வெளிறும் அளவுக்கு இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி போங்கள். வெடிப்பைத் தாண்டி மூன்று விரல் போய்த் திரும்பி வாருங்கள். மூன்று அடுக்கு வரட்டும். இரண்டு நுனியிலும் கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுப் போட்டுக் குறடால் முறுக்குங்கள். ரப்பரை வெட்டும் அளவுக்கு இறுக்காதீர்கள். பட்டியை இழுத்து முடிய விரல் வலிக்க வேண்டும். வலிக்காவிட்டால் அது இறுகவில்லை.

அப்புறம் நான் விட்ட பிழை. அடுத்த நாள் ஒட்டுசுட்டானில் மெக்கானிக் ஹோஸைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரேப்பும் பிழைதான் அண்ணை. ஆனா மூடிய இறுக்கிப் பூட்டினதுதான் பெரிய பிழை." மூடியை முழுக்கப் பூட்டினால் உள்ளே அமுக்கம் ஏறும், ஏறினால் எந்த ஒட்டையும் அது தள்ளிவிடும். முதல் பல்லில் மட்டும் நிற்கும்படி மூடியைத் தளர்த்தி வைத்தால் அமுக்கம் பிடிக்காது. ஆனால் அப்போது தண்ணீர் 100 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதால் நாற்பதுக்கு மேல் ஓடக்கூடாது, ஐந்து கிலோமீற்றருக்கு ஒருதரம் நின்று பார்க்க வேண்டும். பத்து லீற்றர் தண்ணீராவது கையில் வேண்டும். ஊற்றும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும், மெல்ல ஊற்றுங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை மளமளவென்று விட்டால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வெடிக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர், கேத்தலில் படியும் வெள்ளையே சாட்சி. ஒரு நாளுக்குப் பரவாயில்லை, ஊர் போனதும் இறக்கிவிட்டுக் கூலன்ற் மாற்றுங்கள். வாய்க்கால் தண்ணீர்தான் கிடைத்தது என்றால் சாரத்தில் வடித்து ஊற்றுங்கள்.

றேடியேற்றரிலேயே ஓட்டை என்றால் முட்டை வெள்ளைக்கரு, மஞ்சள்தூள் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். சின்னத் துளை என்றால் அடைபடும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் துளையை அடைக்கும் அதே சாமான் உள்ளே உள்ள மெல்லிய குழாய்களையும் அடைக்கும். நான் ஒருதரமும் போடமாட்டேன். சொட்டுச் சொட்டாகப் போகும் துளை என்றால், மூடியைத் தளர்த்தி, தண்ணீர் விட்டு விட்டு ஓடிச் சேர்வதே மேல்.

தண்ணீர் ஊற்ற ஊற்ற ஓடிப்போகிறதா? ஒயில் பார்க்கும் கோலை இழுத்தால் பால் தேத்தண்ணி நிறத்தில் வருகிறதா? இனி ஒரு மீற்றர்கூட ஓட்டாதீர்கள். ஹோஸுக்குப் போகும் காசும் ஹெட் திறந்து செய்யும் காசும் மலைக்கும் மடுவுக்கும். இந்த இடத்தில் கட்டி இழுப்பதுதான் மலிவு.

காற்றுப் போனால்

ஸ்பெயார் ரயர் இருந்து, அதில் காற்றும் இருந்தால் ஒப்பிட ஒன்றுமில்லை, மாற்றிவிட்டுப் போங்கள். சிக்கல் அந்தக் "காற்றும் இருந்தால்" என்பதில்தான். டிக்கிக்குள் மூன்று வருடம் படுத்திருந்த ரயரில் காற்று இருக்காது. மெல்லிய தற்காலிக ரயர் என்றால் அதற்குச் சாதாரண ரயரின் இரண்டு மடங்கு காற்று வேண்டும், 60 பிஎஸ்ஐ அளவு. பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். அதில் எண்பதுக்கு மேல் ஓடவும் கூடாது.

நட்டுகளை ரயர் நிலத்தில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுத்தான் ஜக் ஏற்ற வேண்டும். மாரியில் எங்கள் களிமண்ணில் ஜக் ஏறாது, அதுதான் கீழே போகும். அதற்கும் ஒரு பலகை வேண்டும். அடைக்கட்டைக்குச் சீவிய பலகையின் மிச்சம் போதும்.

ஸ்பெயார் இல்லாதவர்களுக்கு, பல ஹைபிரிட் கார்களில் இல்லவே இல்லை, இரண்டு வழி. ஒன்று, ரயருக்குள் அடிக்கும் நுரை மருந்து. கை அழுக்காகாது, பத்து நிமிட வேலை, பெண்பிள்ளைகளோ வயதானவர்களோ தனியாக நின்றாலும் செய்யலாம். ஆணித் துளைக்கு மட்டும்தான் சரிவரும். பிறகு ரயரைக் கழற்றுகிற ஒட்டுக்காரர் உள்ளே கஞ்சி மாதிரிக் கிடப்பதைப் பார்த்து உங்களைத் திட்டுவார், திட்டட்டும். மற்றது, பசை பூசிய ரப்பர் திரியைச் செருகும் சாமான். குறடால் ஆணியை இழுத்து, அராவி ஊசியைத் துளைக்குள் நாலைந்து தரம் ஏற்றி இறக்கி, திரியைச் செருகி, வெளியே துருத்துவதை வெட்டிவிட்டுக் காற்றடிக்க வேண்டும். திரி உள்ளே இறங்கும் கடைசி நேரத்தில் முழு உடம்புப் பலமும் வேண்டும், சும்மா போகாது. ஆனால் அது பிடித்தால் பிடித்ததுதான், எங்கள் வானில் ஒரு திரி ஆறு மாதம் இருந்தது. காற்றடிக்கச் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்னப் பம்ப் ஒன்று வேண்டும், அது இல்லாமல் இந்தச் சாமானை வாங்கி வைப்பதில் பயனில்லை.

இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் திரியையே சொல்வேன். ரயரின் பக்கவாட்டில் கிழிந்திருந்தால் இரண்டும் உதவாது. அப்போது ரயரைக் கழற்றி, வரும் ஓட்டோவிலோ மோட்டார் சைக்கிளிலோ கட்டிக்கொண்டு சந்திக்குப் போங்கள். எந்தச் சந்தியிலும் ஒட்டுக்கடை உண்டு. வாகனம் போகாவிட்டாலும் சில்லு போகலாம், இது பலருக்குத் தோன்றுவதில்லை.

சின்னப் பழுதுகள்

பற்றரி செத்தால் முதலில் முனைகளைப் பாருங்கள். வெள்ளைப் பூ பூத்திருந்தால் சுடுதண்ணீர் ஊற்றிச் சுரண்டி இறுக்கினாலே பாதி வாகனங்கள் உயிர்க்கும். கையால் கியர் போடும் கார் என்றால் இரண்டாவது கியரில் தள்ளி ஸ்ரார்ட் பண்ணலாம். ஒட்டோ கியர் வாகனமும் ஹைபிரிட்டும் தள்ளி எழும்பாது. ஜம்பர் வயர் போடும்போது சிவப்பை இரண்டு நேர்முனைகளுக்கும், கறுப்பை நல்ல பற்றரியின் எதிர்முனைக்கும் கொடுத்து, கறுப்பின் மற்ற நுனியைச் செத்த வாகனத்தின் எஞ்சினில் வெறும் இரும்புக்குப் பிடியுங்கள், பற்றரியில் பிடிக்க வேண்டாம். தீப்பொறி பற்றரிக்கு மேலே பறக்கக்கூடாது.

பியூஸ் எரிந்தால் றேடியோவின் பியூஸைக் கடன் வாங்கலாம், அதே அம்பியர் என்றால். சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிப் போடுவது வயர் முழுவதையும் எரிக்கும் வேலை. பெல்ற் அறுந்தால் அது தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறதா என்று தெரிய வேண்டும். சுற்றினால் ஓடவே கூடாது. சுற்றாத வாகனம் என்றால், பகலில், ஏசி லைற் எல்லாம் நிறுத்தி, பற்றரியில் உள்ளதைக் கொண்டு கொஞ்சத் தூரம் போகலாம். சைலன்சர் தொங்கினால் கட்டுக்கம்பி, கண்ணாடிகளை இறக்கி வைத்துக்கொண்டு ஓடுங்கள். கிரவல் வீதியில் கல்லடித்து எண்ணெய்த் தாங்கி கசிந்தால் காய்ந்த சவர்க்காரக் கட்டியை ஓட்டையில் தேய்த்து நிரப்புங்கள், பெற்றோல் அதைச் சீக்கிரத்தில் கரைக்காது. பழைய வித்தைகளில் இன்றைக்கும் எனக்கு நம்பிக்கை உள்ள ஒன்று இது. பக்கத்தில் பீடி பற்றவைக்க ஆசைப்படும் ஆலோசகரை மட்டும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

பிறேக்குக்கும் ஸ்ரியறிங்குக்கும் ஒட்டு இல்லை. பிறேக் ஒயில் கசிந்தால் அந்தக் குழாயை நசுக்கிப் பிடித்து மூன்று சில்லில் ஓட்டி வந்தவர்கள் கதை சொல்வார்கள். வந்து சேர்ந்தவர்கள்தானே கதை சொல்கிறார்கள். ஒயில் லைற் எரிந்தாலும் அப்படியே, நிறுத்தினால் நிறுத்தினதுதான்.

மெக்கானிக்கை வரவழைப்பது

எல்லோரும் கடைசியாக நினைக்கும் இந்த வழிதான் வன்னியில் பெரும்பாலும் முதல் வழி. கொழும்பில் மெக்கானிக் வர நெரிசலில் இரண்டு மணி நேரம். இங்கே மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ இருந்து ஒரு பெடியன் பையில் ஸ்பனரோடு மோட்டார் சைக்கிளில் அரைமணியில் வந்துவிடுவான். போனில் ஒழுங்காகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். "கார் நிண்டிட்டுது" என்றால் அவன் வெறுங்கையோடு வருவான், பிறகு சாமானுக்குத் திரும்பப் போவான். எந்தக் கார், எந்த வருடம், நிற்கும் முன் என்ன சத்தம், என்ன மணம், எது நனைந்திருக்கிறது என்று சொல்லி, வட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினால் ஹோஸையும் கூடவே வாங்கிக்கொண்டு வருவான்.

நாமே செய்வதோடு ஒப்பிட்டால் காசு கூட, ஆனால் வேலை ஒருதரத்தோடு முடியும். ஆகவே சிக்னல் இருக்கும்போதே, எதையும் கழற்றுவதற்கு முன்னாலேயே போன் எடுங்கள். நாம் பாதி கழற்றி நட்டைத் தொலைத்த வாகனத்தை எந்த மெக்கானிக்கும் விரும்புவதில்லை. வழமையாகப் போகும் வீதிகளில் ஆளுக்கொரு மெக்கானிக் நம்பர் வைத்திருங்கள். காப்புறுதி அட்டையிலும் உதவிக்கு ஒரு நம்பர் இருக்கும், பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. இவற்றைக் கடதாசியில் எழுதி வையுங்கள், போன் பற்றரியும் சாகும்.

விட்டுவிட்டுப் போவது

பொழுதுபட்ட பிறகு நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் காட்டு வீதிகளில் ஜக் ஏற்றிக்கொண்டு குந்தியிருப்பது சரியல்ல. உள்வீதிகளில் கடைசி பஸ்ஸும் நேரத்தோடு போய்விடும். மெல்ல உருட்டியாவது ஒரு கடை, கோயில், பொலிஸ் காவலரண் முன்னால் வாகனத்தைக் கொண்டுவந்துவிட முடிந்தால், அங்கே நிறுத்தி, வீட்டுக்காரரிடமோ கடைக்காரரிடமோ சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லிவிட்டுப் போன வாகனத்தை ஊர் பார்த்துக்கொள்ளும். சொல்லாமல் நின்ற வாகனத்தைப் பற்றி ஊர் பொலிசுக்குச் சொல்லும்.

நகர்த்தவே முடியாது என்றால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே இருங்கள். யானை வந்தால் ஹோர்ன் அடிக்காதீர்கள், லைற்றை அடித்து அணைக்காதீர்கள். அது வீதியைக் கடக்கத்தான் வந்திருக்கும்.

கட்டி இழுப்பது

ஏற்றிச் செல்லும் லொறி வவுனியாவிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ வர வேண்டும். நேரமும் காசும் அதிகம். ஆனால் ஒட்டோ கியருக்கும் ஹைபிரிட்டுக்கும் அதுதான் ஒழுங்கான வழி. ஓட்டும் சில்லுகள் நிலத்தில் உருள இழுத்தால் அவற்றின் கியர்ப்பெட்டியோ மோட்டாரோ கெட்டுப்போகலாம். கையால் கியர் போடும் வாகனத்துக்கு ரக்ரர் போதும். வன்னியில் ரக்ரருக்குப் பஞ்சமில்லை, அறுவடை நேரம் என்றால் லொறியைவிட அதுதான் முதலில் வரும்.

கயிற்றைப் பம்பரில் கட்டாதீர்கள், பம்பர் மட்டும்தான் ஊர் போய்ச் சேரும். டிக்கியில் ஒரு இரும்பு வளையம் இருக்கும், பம்பரில் உள்ள மூடியைக் கிளப்பி அதைத் திருகிப் பூட்டிக் கட்ட வேண்டும். சாவி திறந்தபடி இருக்கட்டும், இல்லாவிட்டால் ஸ்ரியறிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடாதபோது பிறேக்கைக் கல்லை மிதிப்பதுபோல மிதிக்க வேண்டும், ஸ்ரியறிங்கும் கனக்கும். இழுப்பவரிடம் புறப்படும் முன்னாலேயே இதைச் சொல்லுங்கள். நிற்கப்போகிறார் என்றால் கையைக் காட்டிவிட்டு மெல்ல நிற்க வேண்டும்.

என்னை அன்று இழுத்ததும் ஒரு ரக்ரர்தான். ஆறேகால் இருக்கும், பெட்டியில் நெல் மூட்டையும் மேலே இரண்டு பேருமாக ஒட்டுசுட்டான் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவருக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நான் கைகாட்டும் முன்னாலேயே நிறுத்திவிட்டு, பெட்டிக்குக் கீழே கைவிட்டு மூட்டை கட்டும் கயிற்றை எடுத்தார். "நாலாய் மடிச்சுக் கட்டுங்கோ அண்ணை, ஒண்டாய்க் கட்டினால் அறும்." பத்துக் கிலோமீற்றர் வேகத்தில், முன்னால் போகும் நெல் மூட்டையின் மணத்தைப் பிடித்துக்கொண்டு, பிறேக்கில் காலை ஊன்றியபடி ஊர் போய்ச் சேர்ந்தேன். தான்தோன்றீஸ்வரர் கோயில் பக்கம் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் காசை நீட்டினேன். வாங்கவில்லை.

"காசு வேண்டாம் அண்ணை. அந்தக் கறுத்த ரேப் மிச்சம் கிடந்தாத் தாங்கோ. இதின்ர டீசல் பைப்பும் கசியுது."